மயிலை அறுபத்துமூவரும் ஒரு குடம் சாம்பலும்

இறந்துபோன பிள்ளையைத் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? அப்பா அழுகிறார், வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று சொல்லலாம். திருஞானசம்பந்தர் அப்படி எதுவும் சொல்லவில்லை. மயிலாப்பூர்க் கோயிலின் மதிலுக்கு வெளியே, சாம்பலும் எலும்பும் இருந்த குடத்தைப் பார்த்து, ஊரில் திருவிழா வருகிறதே, அதைப் பார்க்காமலா போகிறாய் என்று கேட்டார்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். மயிலையில் இருந்த வணிகர் சிவநேசர். அவர் மகள் பூம்பாவையைச் சம்பந்தருக்கே கொடுப்பதென்று முடிவு செய்திருந்தார். பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு கடித்துப் பெண் இறந்துவிட்டாள். தகனம் செய்த சாம்பலைக் குடத்தில் வைத்துக் காத்திருந்தார் தகப்பனார். சம்பந்தர் வந்து பதிகம் பாட, பன்னிரண்டு வயதுப் பெண்ணாக அவள் எழுந்து வந்தாள் என்கிறது பெரியபுராணம். 2ஆம் திருமுறையின் 47ஆம் பதிகம் அது. முதல் பத்துப் பாட்டிலும் கடைசி அடி ‘காணாதே போதியோ பூம்பாவாய்’ என்றே முடியும். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், ஊஞ்சல் என்று வரிசையாகப் போகிறது. 7ஆம் நூற்றாண்டில் ஒரு கடற்கரை ஊரில் வருஷம் முழுக்க என்னென்ன நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல பட்டியல் வேண்டுமா?

இந்தப் பதிகத்தை மனசில் வைத்துக்கொண்டு பங்குனிப் பெருவிழாவின் 8ஆம் நாளுக்குப் போவது தனி அனுபவம். அன்றுதான் அறுபத்துமூவர், அதாவது 63 நாயன்மார்களும் சுவாமியோடு வலம் வரும் நாள். நானும் பெரியம்மாவும் பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கியபோது காலை வெயிலே சுளீரென்று இருந்தது. பெரியம்மா ஒரு காலத்தில் கச்சேரி சாலையில் குடியிருந்தவர். இன்னும் மயிலாப்பூர் என்று சொல்ல மாட்டார், ‘நம்ம ஊர்’ என்பார். தெற்கு மாட வீதிக்குள் நுழைந்ததும் நடை வேகமாகிவிட்டது. நான்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

பூம்பாவையை எழுப்பும் வைபவம் அன்று காலையில்தான் நடக்கிறது. சம்பந்தர் பல்லக்கில் எழுந்தருளினார். எனக்குத் தெரிந்தது முன்னால் நின்றவர்களின் தலைகளும், அவற்றுக்கு மேலே ஆடிய குடையும்தான். ஆனால் காது இருந்தது. ஓதுவார் ‘மட்டிட்ட புன்னையங் கானல்’ என்று எடுத்தார். பண் சீகாமரம். அந்தப் பண்ணை இன்று பாடுகிற நாதநாமக்கிரியை ராகத்தில் கேட்கும்போது, அது திருவிழாவுக்குக் கூப்பிடுகிற பாட்டா, பிள்ளையை இழந்த வீட்டுப் பாட்டா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ‘போதியோ’ என்ற இடத்தில் அவர் குரலைக் கொஞ்சம் நிறுத்தினார். எனக்குப் பக்கத்தில் நின்ற பூக்கார அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு, ‘நகருங்கம்மா, பின்னாடி கொழந்தை நிக்குது’ என்று என்னைத் தள்ளினார்.

அந்த முதல் பாட்டில் சம்பந்தர் சொல்வது அடியார்களுக்குச் சோறு போடுவதைத்தான். விளக்கும் தேரும் கடலும் எல்லாம் பிறகு. மாட வீதிகளில் அன்று நடப்பதும் அதுவேதான். பத்தடிக்கு ஒரு பந்தல். நீர்மோர், பானகம், ரோஸ்மில்க், புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், தர்பூசணித் துண்டு. நகைக்கடைக்காரரும் தருகிறார், ஆட்டோ நிறுத்தத்துக்காரர்களும் தருகிறார்கள். ஒரு வீட்டு வாசலில் மூன்று தலைமுறைப் பெண்கள் உட்கார்ந்து தொன்னையில் சுண்டல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், விட மாட்டார்கள். ‘சாமி சோறு, வேணாம்னு சொல்லக் கூடாது’ என்று பெரியம்மா என் கையிலும் ஒன்றைத் திணித்தார். சாப்பிட்ட தட்டும் கோப்பையும் காலடியில் மிதிபடுவதுதான் சகிக்கவில்லை. சோறு போடுகிற கை ஒரு குப்பைத் தொட்டியையும் வைத்தால் புண்ணியம் ஒன்றும் குறையாது.

மதியம் கூட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒருபக்கம் மண் சொப்பும் வளையலும் பலூனும், இன்னொரு பக்கம் மொட்டை மாடிகளில் குடையோடு மனிதர்கள். பிற்பகலில் ஊர்வலம் புறப்பட்டது. கிராம தேவதையான கோலவிழி அம்மனும் வந்தாள். முண்டகக்கண்ணி அம்மன், திருவள்ளுவரும் வாசுகியும் என்று அக்கம்பக்கத்துக் கோயில்களிலிருந்தும் வந்திருந்தார்கள். பெரிய கோயில் விழாதான், ஆனால் சுற்றுவட்டாரமே பங்காளி.

பிறகு கபாலீஸ்வரரும், அவரைப் பார்த்தபடி அறுபத்துமூவரும். இந்தக் காட்சிக்காகவே போகலாம். நாயன்மார்கள் முன்னே போகிறார்கள், ஆனால் முகம் பின்னே இருக்கிறது. சுவாமிக்கு முதுகு காட்டாமல், அவரைப் பார்த்துக்கொண்டே தெருவைச் சுற்றி வருகிறார்கள். ஒரு பல்லக்கில் நான்கு பேர் வீதம் உட்கார்ந்திருந்தார்கள். திருநீலகண்டர் குயவர், திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுத்தவர், அதிபத்தர் நாகப்பட்டினத்து மீனவர், கண்ணப்பர் வேடர், சேரமான் பெருமாள் அரசர். எல்லோருக்கும் ஒரே அளவு மாலை, ஒரே அளவு ஆட்டம். பெரியம்மா ஒவ்வொருவராகக் காட்டிப் பெயர் சொன்னார். பாதிக்கு மேல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்ததா என்பது சந்தேகம்தான், ஆனால் தயங்கவே இல்லை.

இவர்களில் ஒருவர் இந்த ஊர்க்காரர். வாயிலார் நாயனார். கோயிலுக்குள் அவருக்குச் சந்நிதியும் உண்டு. அவர் பேசாமல், பாடாமல், மனசுக்குள்ளேயே கோயில் கட்டி, உணர்வையே விளக்காக ஏற்றி, ஆனந்தத்தையே நீராட்டி, அன்பையே அமுதாகப் படைத்து வழிபட்டவர். அவ்வளவுதான் அவர் கதை. அற்புதம் எதுவும் இல்லை. இத்தனை மேளமும் அதிர்வேட்டும் உபயதாரர் பெயரை ஊருக்கே வாசிக்கும் ஒலிபெருக்கியும் உள்ள ஊர், தன் சார்பில் அறுபத்துமூவர் கூட்டத்துக்கு அனுப்பிவைத்தவர் ஒரு வார்த்தை பேசாதவர். அவர் பல்லக்கு எங்களைக் கடந்த நேரம் பார்த்து ஒரு பந்தலில், ‘மோர் தீர்ந்துவிட்டது, பக்கத்துப் பந்தலுக்குப் போங்கள்’ என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதையும் பொறுத்துக்கொண்டுதான் போனார். விழா வேண்டும் என்கிற சம்பந்தருக்கும், விழாவே வேண்டாம் என்று உள்ளே உட்கார்ந்துவிட்ட வாயிலாருக்கும் ஒரே ஊர்வலத்தில் இடம் இருக்கிறது. எனக்கு இந்த ஊர் பிடிப்பதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நாயனம். சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி. தவிலோடு சேர்ந்து அது எழும்பும்போது, பல்லக்குத் தூக்குகிறவர்களின் தோளும் அந்தத் தாளத்துக்கே ஏறி இறங்குகிறது. குளிர்சாதன அரங்கில் கேட்டால் மல்லாரியின் பாதிதான் கிடைக்கும் என்பது என் கட்சி. இந்த வீதிகளே ஒரு மேடைதான். பாபநாசம் சிவன் மார்கழி விடியலில் பஜனை நடத்திக்கொண்டு சுற்றியது இங்கேதான். இந்தப் பவனியைப் பார்த்துத்தான் காம்போஜியில் ‘காணக் கண் கோடி வேண்டும்’ பிறந்தது. ஜனவரியில் வடக்கு மாட வீதியில் தார் சாலையின் மேலேயே கோலப் போட்டி நடக்கிறது. நவராத்திரி சமயத்தில் அதே வீதியின் நடைபாதையில் கொலு பொம்மை விற்பார்கள்.

கடலை மறந்துவிட்டோம். சம்பந்தர் பாடிய மயிலை ‘ஊர்திரை வேலை உலாவும்’ மயிலை, அதாவது அலை வந்து உலாவிய ஊர். அன்றைய கோயில் கடலோரத்தில் இருந்தது, போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தபின் இப்போதுள்ள இடத்தில் மீண்டும் கட்டப்பட்டது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறு. கோயில் உள்ளே தள்ளி வந்தாலும் சுவாமி கடலை விட்டுவிடவில்லை. மாசி மகத்தன்று மெரினாவுக்குப் போய் இன்னும் தீர்த்தவாரி ஆடுகிறார். தைப்பூசத்தை ஒட்டித் தெப்பம், அது கோயிலுக்கு மேற்கே உள்ள குளத்தில். அந்தக் குளத்துக்கு நிலம் கொடுத்தது ஆற்காடு நவாப் என்பார்கள். மொகரம் சமயத்தில் முஸ்லிம்கள் அங்கே வருவதும் அந்த உறவை ஒட்டி வந்த வழக்கம்.

சாயங்காலம் கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் கோயிலுக்குள் போனோம். புன்னை மரத்தடியில் அம்பிகை மயிலாக இருந்து பூசித்த சந்நிதி, கற்பகாம்பாள், சிங்காரவேலர், கடைசியில் பூம்பாவை சந்நிதி. அங்கே ஒரு சின்னப் பெண், ‘இவங்க யாரும்மா?’ என்று கேட்டாள். ‘திருவிழா பாக்க எழுந்து வந்தவங்க’ என்றார் அவள் அம்மா. நான் பதிகத்தையும் உரையையும் படித்துவிட்டு வந்து இத்தனை பத்தி எழுதியிருக்கிறேன். அந்த அம்மா நாலே சொல்லில் முடித்துவிட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். விழா மார்ச்சிலோ ஏப்ரலிலோ வரும், பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளுங்கள். காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மாட வீதிகளுக்குள் வண்டி நுழையாது. குழந்தையைக் கூட்டிப்போனால் சட்டைப் பையில் போன் எண் எழுதிய சீட்டை வைத்துவிடுங்கள். கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்றால் அறுபத்துமூவரை விட்டுவிட்டு 3ஆம் நாள் விடியற்காலை அதிகார நந்திக்கு வாருங்கள். வெள்ளித் தகடு வேய்ந்த அந்த வாகனம் 1917 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. 5ஆம் நாள் இரவு ரிஷப வாகனமும் நன்றாக இருக்கும், ஆனால் தூக்கம் கெடும். பெரியம்மாவைக் கேட்டால் 9ஆம் நாள் பிச்சாடனர்தான், பிச்சை கேட்டு வரும் கோலத்துச் சிவன்தான் அழகு என்பார். மறுநாளும் வர வேண்டும் என்று ரயிலிலேயே சொல்லிவிட்டார். டிக்கெட்டையும் என்னைத்தான் எடுக்கச் சொன்னார்.