எங்கள் பத்மினிக்கு டாப் லைனிங் மாற்றிய அனுபவம்

எங்கள் வீட்டு பிரீமியர் பத்மினி கார் 1986 மாடல், அப்பா வாங்கிய வண்டி. எஞ்சினில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் ரெண்டு மூணு வருசமாகப் பின்சீட்டில் யார் உட்கார்ந்தாலும் டாப் லைனிங், அதாவது கூரையின் உள்பக்கத்து மேல்துணி, தொங்கித் தலையில் தட்டும், இறங்கும்போது சட்டைத் தோளில் மஞ்சள் மாவு கொட்டியிருக்கும். இதே பாடு படுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பல வருசம் முன்னால் ஒரு கடையில் கொடுத்து மாற்றியதுதான் வினை. அவர்கள் பழைய துணியைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஸ்பாஞ்ச் வைத்த துணியை நேராகத் தகரத்தில் ஒட்டித் தந்துவிட்டார்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலில் நிற்கிற வண்டியின் கூரையில் கையை வைத்துப் பார்த்தால் தெரியும், தோசைக்கல்தான். பசை இளகி, ஸ்பாஞ்ச் உதிர்ந்து மாவாகிவிட்டது. உண்மையில் பத்மினி மாதிரி அந்தக் காலத்து வண்டிகளில் மேல்துணி கூரையில் ஒட்டுகிற சங்கதியே இல்லை. குறுக்கே வளைந்த கம்பிகள் இருக்கும், துணியின் முதுகில் தைத்த உறைக்குள் அந்தக் கம்பிகளைக் கோத்து, ரெண்டு நுனியையும் பக்கச் சட்டத்துத் துளைகளில் மாட்டுவார்கள். துணி தொங்கியபடி நிற்கும், ஓரத்தில் மட்டும்தான் பசை. தகரத்துக்கும் துணிக்கும் நடுவே காற்று இருப்பதால் சூடும் நேராகத் தலைக்கு இறங்காது.

நல்லவேளை, கடையில் கழற்றிக் கொடுத்த கம்பிகளை அப்பா தூக்கிப் போடவில்லை. தென்னங்கயிற்றால் கட்டிப் பரணில் வைத்திருந்தார். ஆனால் எந்தக் கம்பி எந்த இடம் என்று அடையாளம் இல்லை, அளவுக்குப் பழைய துணியும் இல்லை.

பேட்டையில் குஷன் வேலை செய்கிற அண்ணாச்சி ஒருவரிடம் போனேன். நான் ரெக்சின் கலர் பற்றியே கேட்டுக்கொண்டிருக்க, அவர் கம்பிக் கட்டை அவிழ்த்துத் தரையில் பரப்பிவிட்டு, "மொதல்ல கம்பிய பாப்போம் தம்பி, துணியெல்லாம் பொறவு" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் இந்த வேலை முழுக்கவும்.

வண்டியை வீட்டு வாசலில் வைத்தே செய்தோம். முன் பின் கண்ணாடி ரெண்டையும் இறக்கியாக வேண்டும், ஏனென்றால் துணியின் ஓரம் கண்ணாடி ரப்பருக்கு அடியில் போகிறது. சன் வைசர், உள்கண்ணாடி, ரூம் லைட், கதவுப் பீடிங் எல்லாம் கழற்றி, ஸ்க்ரூக்களைத் தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதினேன். பழைய பசையைச் சுரண்டவே ஒரு நாள் போயிற்று. அங்கங்கே துரு இருந்தது, தேய்த்து ரெட் ஆக்ஸைடு அடித்துக் காயவிட்டோம்.

அப்புறம் துணி இல்லாமல் வெறும் கம்பிகளை மட்டும் மாட்டிப் பார்த்தோம். வளைவு அதிகமான கம்பியைத் தப்பான இடத்தில் மாட்டினால் தகரத்தில் முட்டுகிறது, குறைந்தது என்றால் கீழே தொங்குகிறது. கம்பிக்கும் கூரைக்கும் நடுவே விரலை விட்டு, இடைவெளி சீராக வருகிறவரை மாற்றி மாற்றி மாட்டினோம். சரியான வரிசை அமைந்ததும் ஒவ்வொன்றின் நுனியிலும் பெயிண்டால் நம்பர் போட்டுவிட்டேன்.

அளவுக்கு அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை அம்மா எடுத்துக் கொடுத்தாள். அதைக் கம்பிகள் மேல் விரித்து, துணி மாட்டும் கிளிப்பால் பிடித்து, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு கோடு, நட்டநடுவே முன்னிருந்து பின்வரை ஒரு கோடு போட்டோம். அந்த நடுக்கோடு இல்லாமல் தைக்கக் கொடுக்காதீர்கள். ரெக்சின் மூன்றரை மீட்டர் வாங்கினேன். சுற்றிலும் நாலு விரல் கூடுதலாக விட்டு அண்ணாச்சி தைத்துத் தந்தார்.

மாட்டும்போது பின்னாலிருந்து தொடங்கினோம். கடைசிக் கம்பி முன்பக்கம் சாயாமல் இருக்க அதை மெல்லிய கம்பியால் பின்பக்கமாக இழுத்துக் கட்டினோம். கட்டாமல் துணியை முன்னால் இழுத்தால் எல்லாக் கம்பியும் சேர்ந்து சாய்ந்துவிடும். ரூம் லைட் ஒயரை முதலிலேயே கீழே இழுத்து டேப் ஒட்டிவிடுங்கள். நான் மறந்துபோய், பாதி வேலையில் துணிக்கு மேலே விரலால் தடவித் தேட வேண்டியதாயிற்று.

ஓரத்துக்கு ஃபெவிகால் எஸ்ஆர். தகரத்திலும் துணியிலும் தடவி, தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், விரலோடு வரக்கூடாது, அந்தப் பதம் வந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். கதவுகளைத் திறந்தே வையுங்கள், அந்த வாடை தலையைச் சுற்றும், பக்கத்தில் நெருப்பும் ஆகாது. முதலில் முன் நடு, பின் நடு, அப்புறம் பக்கங்களின் நடு, கடைசியில்தான் மூலைகள்.

ஆனாலும் ஒவ்வொரு கம்பியின் நுனியிலிருந்தும் கதவுப் பக்கமாகச் சுருக்கம் விசிறி மாதிரி விரிந்து நின்றது. நான் பலம்கொண்ட மட்டும் இழுக்கப் போனேன். அண்ணாச்சி கையைப் பிடித்துவிட்டார். "இழுக்காதிய, கிழிஞ்சிரும்" என்று சொல்லி, துணியின் முதுகில் இருக்கிற உறையை மட்டும் நுனியிலிருந்து அரை இஞ்ச் வெட்டினார். துணி தானாக இறங்கிச் சமமானது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அரை அரை இஞ்சாகத்தான் வெட்ட வேண்டும், கூடுதலாக வெட்டிவிட்டால் மறுபடி ஒட்ட முடியாது. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொண்டது. மத்தியானம் வண்டியை வெயிலில் விட்டு, ரெக்சின் இளகியதும் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்து இழுத்து ஒட்டினோம். இந்த வேலையைச் சித்திரை வைகாசியிலேயே முடித்துவிடுங்கள். ஆனி பிறந்து சாரல் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் பசை மேல் மண்தான் ஒட்டும்.

கண்ணாடி ஏற்ற ரெண்டு பேர் வேண்டும். ரப்பரின் உள் பள்ளத்தில் சுற்றிலும் நைலான் கயிற்றை வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை மெதுவாக இழுத்தால் ரப்பரின் உதடு சட்டத்தின் மேல் ஏறி உட்காரும்.

இடது பின்மூலையில் ஒரு சின்னச் சுருக்கம் மட்டும் மிச்சமிருந்தது, ரெண்டு வாரம் வெயிலில் ஓடியதில் அதுவும் போய்விட்டது. அம்மாதான் முதலில் பின்சீட்டில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தி, துணியைக் கையால் தடவிப் பார்த்தாள். வேட்டியில் இருந்த சாக்பீஸ் கோடுகளைப் பேனாவால் அழுத்தி வரைந்து, கம்பி நம்பர்களையும் அதிலேயே எழுதி, மடித்து, அப்பா கட்டியிருந்த அதே தென்னங்கயிற்றால் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன்.