ஜான் மக்ளீனைத் தேடி கிளாஸ்கோவில் ஒரு நாள்

கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து பொலக்‌ஷாஸுக்கு ரயிலில் பத்து நிமிடம்தான். இறங்கினால் சுற்றுலாப் பயணி பார்க்க ஒன்றும் இல்லை, சாதாரணக் குடியிருப்புப் பகுதி, காலையிலிருந்தே மழைத் தூறல். நான் வந்தது இந்த ஊரில் 1879-ல் பிறந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்காக. ஜான் மக்ளீன். ஸ்காட்லாந்து சோஷலிஸ்டுகள் இன்றும் உரிமையோடு சொல்லிக்கொள்ளும் பெயர்.

அவருக்கு இங்கே கற்களை அடுக்கிக் கட்டிய ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. தொழிலாளர் கல்வியின் முன்னோடி என்றும், உலக சோஷலிசத்தின் பொற்சங்கிலியில் ஸ்காட்லாந்தின் கண்ணியை வார்த்தவர் என்றும் அதில் பொறித்திருக்கிறார்கள். படித்துவிட்டு அங்கேயே நின்றேன். ஒரு இளைஞன் எந்த இடத்தில் அரசியலுக்குள் கால் வைக்கிறான் என்ற கேள்விதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது.

புத்தகத்தில் தேடினால் 1903 என்று வரும். அந்த வருடம்தான் பிரிட்டனின் மார்க்சியக் கட்சியான சமூக ஜனநாயகக் கூட்டமைப்பில் சேர்ந்தார், வயது 24. ஆனால் எனக்கு அது அவர் வீட்டிலேயே தொடங்கிவிட்டது என்றுதான் படுகிறது. அப்பா மல் தீவுக்காரர், அம்மா கோர்பாக் பக்கம். இரண்டு குடும்பமும், ஆடு மேய்க்க நிலம் வேண்டும் என்று நிலப்பிரபுக்கள் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மக்களை விரட்டியடித்த காலத்தில் ஊரை இழந்தவை. அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் பையன் வளர்ந்தான். அப்பா மண்பாண்டத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, தூசி நுரையீரலில் படிந்து, பையனுக்கு எட்டு வயதாக இருக்கும்போது போய்விட்டார். அம்மா மறுபடி தறிவேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மகன் வாத்தியார் ஆனார், வேலை பார்த்துக்கொண்டே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்து 1904-ல் எம்.ஏ. பட்டமும் வாங்கினார். அப்புறம் பகலில் பள்ளிக்கூடம், ராத்திரியில் கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்கும் இயந்திரத் தொழிலாளர்களுக்கும் மார்க்சியப் பொருளாதார வகுப்பு. நூற்றுக்கணக்கானோர் வேலை முடிந்த களைப்போடு வந்து உட்கார்ந்து உபரி மதிப்பைப் பற்றி, அதாவது தொழிலாளி உழைத்து உண்டாக்கும் மதிப்பில் கூலி போக மீதியை முதலாளி எடுத்துக்கொள்வதைப் பற்றிப் பாடம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான், மேடைப் பேச்சைவிட கரும்பலகையை அதிகம் நம்பிய மனிதர்.

மதியம் சுரங்க ரயிலில் கோவன் போனேன். நிலையத்துக்கு எதிரிலேயே, இங்கே நடந்த வாடகைப் போராட்டத்தை முன்னின்று நடத்திய மேரி பார்பரின் சிலை, 2018-ல் திறந்தது. அவர் முன்னே நடக்க, பின்னால் ஒரு கூட்டமே வருகிறது. முதல் உலகப் போர்க்காலத்தில் ஆயுத வேலைக்காக ஊருக்குள் ஆட்கள் குவிந்ததும் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்ற, 1915-ல் இங்கிருந்த பெண்கள் ஏற்றிய வாடகையைத் தரமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். அமீனா வந்தால் காவலுக்கு இருக்கும் பெண் மணி அடிப்பார், எல்லா வீட்டிலிருந்தும் பெண்கள் இறங்கி வந்து மாவை வீசி அவரைத் துரத்துவார்கள். நவம்பருக்குள் சுமார் 20,000 குடும்பங்கள் சேர்ந்துவிட்டன. நவம்பர் 17 அன்று, வாடகை தராதவர்கள் மீதான வழக்கு. கோவனிலிருந்து நீதிமன்றத்துக்குக் கிளம்பிய ஊர்வலம் வழியில் லோர்ன் தெருப் பள்ளியில் நின்றது. போரை எதிர்த்துப் பேசியதற்காக வேலை போய், கடைசியாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்த மக்ளீனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பாட்டன் பூட்டனை நிலத்தைவிட்டு விரட்டினார்கள், பேரன் அடுத்தவர் வீட்டு வாசலில் அதைத் தடுக்கப் போய் நின்றிருக்கிறான். சிலைக்கு முன்னால் இதை யோசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வழக்கைக் கைவிட்டார்கள், அந்த வருடம் முடியும் முன்பே வாடகையைப் போருக்கு முந்தைய அளவிலேயே நிறுத்தும் சட்டமும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவருக்குச் சிறைதான், திரும்பத் திரும்ப. 1918 மே 9 அன்று எடின்பரோ நீதிமன்றத்தில், நான் இங்கே குற்றவாளியாக நிற்கவில்லை, தலை முதல் கால் வரை ரத்தம் சொட்டும் முதலாளித்துவத்தின் மீது குற்றம் சாட்டுபவனாக நிற்கிறேன் என்று சொன்னார். ஐந்து வருடத் தண்டனை கொடுத்தார்கள். பீட்டர்ஹெட் சிறையில் உண்ணாவிரதம் இருந்தவருக்கு வலுக்கட்டாயமாக உணவைச் செலுத்தினார்கள். போர் முடிந்து டிசம்பரில் விடுதலையானபோது உடம்பு பாதியாகிவிட்டிருந்தது.

சாயங்காலம் திரும்ப தெற்கே வந்து ஈஸ்ட்வுட் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மக்ளீன் இறந்தது 1923 நவம்பர் 30 அன்று, நிமோனியா, 44 வயது. தன்னிடம் இருந்த ஒரே மேல்கோட்டை பார்படோஸிலிருந்து வந்த ஒரு தோழருக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் குளிரில் திறந்தவெளிக் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தார் என்று சொல்கிறார்கள். இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்தார்களாம். நான் போனபோது யாரும் இல்லை. மழை வலுத்ததும் என் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.