சட்டைக்குக் கொடுத்த பணம் திரும்ப வந்துவிட்டது

வெளிநாட்டு ஆன்லைன் கடை ஒன்றில் சட்டை வாங்கினேன். படத்தில் இருந்தது பருத்திச் சட்டை. பார்சலில் வந்ததோ கொசுவலை மாதிரி ஒரு பாலியஸ்டர். கடைக்கு எழுதினேன். "15 சதவீதம் தருகிறோம், துணியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். மறுத்ததும் 30, அப்புறம் 50. முழுப் பணம் வேண்டுமென்றால் என் செலவில் வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். அந்தச் செலவு சட்டை விலையைவிட அதிகம்!

இந்தப் பேரமெல்லாம் நாள் கடத்தத்தான். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைக் கடையிடமிருந்து வங்கியே திரும்பப் பெற்றுத் தருவது) கேட்கலாம், ஆனால் அதற்குக் கெடு உண்டு. பேபால் என்றால் பணம் கட்டியதிலிருந்து 180 நாள். புகார் கொடுத்து 20 நாளுக்குள் அதை கிளெய்மாக (பேபாலே தீர்ப்பு சொல்லக் கேட்பது) மாற்றாவிட்டால் தானாகவே மூடிவிடும். "புகாரை வாபஸ் வாங்குங்கள், உடனே பணம் போடுகிறோம்" என்று கடைக்காரர்கள் கெஞ்சுவார்கள். தயவுசெய்து வாபஸ் வாங்காதீர்கள். மூடியதை மறுபடி திறக்க முடியாது.

கடை போட்டிருந்த படம், வந்த துணியின் படம், லேபிள், அவர்களோடு பேசிய மெயில்கள் எல்லாவற்றையும் வங்கிக்கு அனுப்பினேன். 'விவரித்தபடி பொருள் இல்லை' என்று காரணம் எழுதினேன். நேற்று முழுப் பணமும் வந்துவிட்டது.

யாராவது இப்படி மாட்டியிருந்தால் சொல்லுங்கள், புகார் எழுத நான் உதவுகிறேன்.