குடும்ப வரலாறு தேடிய ஒரு வருடம்: தொடங்குபவர்களுக்கு

'எத்தனை தலைமுறை பின்னால் போனாய்?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு வருடம் இதிலேயே கிடந்த பிறகு அந்தக் கேள்வியில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. பத்துத் தலைமுறை பின்னால் போனால் கணக்குப்படி அந்த வரிசையில் மட்டும் முன்னோருக்கு 1,024 இடங்கள். உறவுக்குள் திருமணம் நடந்திருந்தால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருப்பார், அது வேறு. தாத்தா பாட்டி நால்வரைப் பற்றி ஆதாரத்தோடு எழுத முடிந்தாலே முதல் வருடத்துக்குத் தாராளம்.

ஆதாரம் என்றதும் அரசு முத்திரை போட்ட தாள் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். இறந்த தேதியைப் பெரும்பாலும் நம்பலாம்; நடந்த கொஞ்ச நாளில் பதிவானது. அதே தாளில் உள்ள வயது? அதைச் சொன்னது மகனாகவோ மருமகளாகவோ இருக்கும். இறந்தவர் பிறந்தபோது இவர்கள் உலகத்திலேயே இல்லை. வயது 60, 70 என்று பூஜ்யத்தில் முடிந்தால் இன்னும் சந்தேகப்படலாம். அதனால் சான்றிதழுக்கு மொத்தமாக மதிப்பெண் போடாமல், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று குறித்து வையுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இரண்டு தாள்கள் முட்டிக்கொள்ளும்போது கைகொடுப்பது இந்தக் குறிப்புதான்.

ஒரே பெயர் தாத்தாவுக்கும் பேரனுக்கும் இருந்தால் எண் முறை உதவும். மிக்கேல் ஐட்சிங்கர் என்ற ஆஸ்திரிய வரலாற்றாசிரியர் 1590-லேயே பயன்படுத்திய முறை இது. நீங்கள் 1. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. அப்பாவின் அம்மா 5 என்றால் அவருடைய பெற்றோர் 10, 11.

பெரியவர்களிடம் 'பழைய கதை சொல்லுங்கள்' என்றால் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு பழைய போட்டோவைக் கையில் கொடுத்து, 'அத்தை, ஓரத்தில் நிற்கிறது யாரு?' என்று கேளுங்கள். அப்புறம் நிறுத்துவதுதான் கஷ்டம். அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். அத்தை சொன்னதும் பெரியப்பா சொன்னதும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள், தீர்ப்புக்கு அவசரமில்லை.

டிஎன்ஏ சோதனையை நான் கடைசியில்தான் வைப்பேன். இரண்டு பேருக்குச் சுமார் 25 சதவீத டிஎன்ஏ ஒன்றாக இருந்தால் தாத்தா–பேரனாகவும் இருக்கலாம், சித்தப்பாவாகவும் இருக்கலாம், தாயோ தந்தையோ மட்டும் ஒன்றான உடன்பிறப்பாகவும் இருக்கலாம். எது என்று சொல்ல வயதும் தாள்களும் வேண்டும். எதிர்பாராத உறவும் வெளியே வரும். சோதனைக்கு மாதிரி தருகிறவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.