புயல் கரையைக் கடந்த பிறகு

வருவாய்த் துறையில் பணியாற்றுகிறவர்களுக்கு வடகிழக்குப் பருவமழை செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஆய்வுக் கூட்டம் நடக்கும். தாழ்வான பகுதிகள் பாதிப்பின் அளவைப் பொறுத்து நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் முதல்நிலை மீட்பாளர்கள், முகாம், பொறுப்பு அலுவலர் என்று பட்டியல் தயாராகும். பட்டியலிலுள்ள தொலைபேசி எண்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக அழைத்துப் பார்ப்பதும், முகாமாகப் போகும் பள்ளியின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்று கேட்டு வைப்பதும்தான், என் பார்வையில், அந்த மாதத்தின் உருப்படியான வேலைகள்.

2004 ஆழிப்பேரலைக்கும் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்கும் பிறகு, கடலோர மக்களை முன்கூட்டியே வெளியேற்றுவதில் தமிழக நிர்வாகம் நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது தஞ்சை மாவட்டத்தின் கடலோர வட்டம் ஒன்றில் பணியிலிருந்தேன். பேறுகாலம் நெருங்கிய பெண்களை மருத்துவமனைகளில் சேர்த்துவிட்டோம்; கடலோரக் குடியிருப்புகளில் கிராம உதவியாளர்கள் வீடு வீடாகப் போய் ஆட்களை அழைத்து வந்தார்கள். டெல்டாவிலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலுமாக 80,000க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு வந்திருந்தார்கள். இதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் பல என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் எங்கள் திட்டம் முழுவதும் நீரை நினைத்து எழுதப்பட்டிருந்தது. கஜாவோ காற்றாக வந்தது. நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, உடனே முற்றிலும் வலுவிழந்துவிடாமல் திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் உட்பகுதி வழியாகப் போனது. விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளில் தென்னைகள் சாய்ந்தும் முறிந்தும் கிடந்தன, சாலைகள் மறைந்திருந்தன, மின்கம்பங்கள் வரிசை வரிசையாக விழுந்திருந்தன. மின்சாரம் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எந்த ஊராட்சியிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, எத்தனை மர அறுவை இயந்திரங்களை உடனே திரட்டலாம் என்ற விவரம், பாதிப்பு குறைந்தவை என்று நாங்கள் எழுதி வைத்திருந்த ஊர்களுக்கு இல்லை. ஒரு ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி, ஓர் ஊரில் தொட்டியை நிரப்பிவிட்டு அடுத்த ஊருக்குக் கொண்டுபோனோம். மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளம் போன்ற அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் வயல் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். மின்சாரம் திரும்பும்வரை சாலை மறியல் செய்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதைவிடக் கடினமானது கணக்கெடுப்பு. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் என அரசு அறிவித்தது. பணம் யாருக்கு என்பதை, நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவும், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமப் பதிவேடான அடங்கலும் தீர்மானித்தன. பாகம் பிரிக்கப்படாத பட்டா இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கும். தென்னை நிற்கும் நிலம் அடங்கலில் இன்னும் நெல் வயலாகவே இருக்கும். குத்தகைதாரர் பெயர் எங்குமே இராது. கோயில் நிலத்தில் தோப்பு வைத்திருந்த ஒரு பெரியவர், "மரம் நான் வச்சது சார், மண்ணு கோயிலோடது. யார் பேர்ல எழுதப் போறீங்க?" என்று கேட்டார். அவர் மரங்களை எண்ணி, உரிமை குறித்து முடிவெடுக்க மேலே அனுப்புவதைத் தவிர அன்று எங்களால் வேறெதுவும் செய்ய இயலவில்லை. எண்ணிக்கையில் முறைகேடு என்ற புகார்களும் வந்தன. சில உண்மையானவை, பல, பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதியதால் விளைந்தவை.

மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறோம். முகாம்களும் படகுகளும் மணல் மூட்டைகளும் அதில் சரியாக இடம்பெறுகின்றன. அடங்கலுக்கு அதில் இடமில்லை. அது கோடையில் ஜமாபந்தியின்போது, ஊர்க்கணக்குகள் தணிக்கைக்கு வரும் நாளில், மற்றப் பதிவேடுகளோடு அவசரமாகப் புரட்டப்பட்டுக் கையொப்பம் பெறுகிறது. ஒரு கிராம நிர்வாக அலுவலர் கூடுதல் பொறுப்பாகப் பக்கத்துக் கிராமத்தையும் பார்க்கும் நிலையில், புலத்தில் இறங்கிப் பயிரைப் பார்த்து எழுத அவருக்கு எங்கே நேரம்? காலியிடங்களை நிரப்பி, தோப்புள்ள கிராமங்களின் அடங்கலையாவது மழைக்கு முன் நேரில் சரிபார்த்துவிட்டால், அடுத்த புயலுக்குப் பின் நடக்கும் தகராறுகளில் பெரும்பகுதி எழாது என்பது என் கணிப்பு. இதற்குப் புதிய சட்டமோ செயலியோ தேவையில்லை. செப்டம்பர் ஆய்வுக் கூட்டத்தின் பொருள்நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.