ஒரே கதவு எண்

ஜூன் 9, கிருஷ்ணகிரி

புரோகிராம் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (ஒரு ஃபங்ஷன் அழைப்புக்கு ஒரு ஃபிரேம்) லோக்கல் மாறிகளை அச்சிட, ஜிடிபி என்ற டீபக்கருக்குள் ஓடும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். சாதாரண ஃபங்ஷன் என்றால் ஒழுங்காகச் சொல்கிறது. இன்லைன் ஆன ஃபங்ஷன், அதாவது கூப்பிடும் இடத்திலேயே கம்பைலர் கோடை ஒட்டிவிட்ட ஃபங்ஷன், வந்தால் கூசாமல் பொய் சொல்கிறது.

சோதிக்கச் சின்னதாக ஒரு சி நிரல்: மெயின், அது கூப்பிடும் 'கணக்கு', அது கூப்பிடும் 'வட்டி'. பின் இரண்டுக்கும் 'ஆல்வேஸ் இன்லைன்' என்ற குறிப்பு. அதைப் போட்டால் ஆப்டிமைசேஷன் இல்லாமலேயே ஜிசிசி கம்பைலர் இன்லைன் செய்துவிடும். மூன்றிலும் 'தொகை' என்று ஒரே பெயரில் மாறி. மதிப்பு மட்டும் 10, 20, 30. ஆள் மாறாட்டம் நடந்தால் காட்டிக்கொடுக்கும்.

ஜூன் 10

வட்டிக்குள் நிறுத்தினேன். யார் யாரைக் கூப்பிட்டார் என்று காட்டும் பேக்டிரேஸில் மூன்று வரி. 0, 1 இரண்டும் இன்லைன் வகை, 2 நார்மல். பிசி, அதாவது கோடில் நிற்கும் இடத்தின் முகவரி, மூன்றுக்கும் ஒன்றேதான், ஒரு இலக்கம்கூடப் பிசகவில்லை. ஸ்டாக்கில் உண்மையாக இருப்பது ஒரே ஃபிரேம். மற்ற இரண்டும் கம்பைலர் எழுதிவைக்கும் டுவார்ஃப் டீபக் தகவலைப் பார்த்து ஜிடிபி நமக்காகக் கட்டும் வேஷம். 2009இல் வந்த 7.0 பதிப்பிலிருந்தே இப்படித்தான்.

என் ஸ்கிரிப்ட் சொன்னது: 30, 30, 30.

மதியம் கரண்ட் போனது. வாசலில் மாங்காய் லாரி எண்ணிக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்ய.

ஜூன் 11

கூரியர் தம்பி போன் செய்தார். "அண்ணா, இந்த நம்பர்ல மூணு வீடு இருக்குதே, நீங்க எந்த வீடு?" எங்கள் காம்பவுண்டில் மூன்று போர்ஷனுக்கும் ஒரே கதவு எண். போன வாரம் என் பார்சல் கடைசி போர்ஷன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது.

போனை வைத்ததும் உறைத்தது. ஃபிரேமின் பிசியை எடுத்து, ஜிடிபியின் 'பிளாக் ஃபார் பிசி'யிடம் கொடுத்து, மாறிகள் இருக்கும் பிளாக்கைக் கேட்டிருக்கிறேன். அதற்குத் தெரிந்தது முகவரி மட்டும். எப்போதும் ஆக உள்ளே இருக்கும் பிளாக்கைத்தான் தரும். மூன்று முறையும் வட்டி வீட்டுக் கதவையே தட்டியிருக்கிறேன்.

ஜூன் 12

ஒரே வரி மாற்றம்: பிசியை விட்டுவிட்டு ஃபிரேமிடமே அதன் பிளாக்கைக் கேட்டேன். 30, 20, 10. அப்பாடா.

வகை, பெயர், தொகை மூன்றையும் ஃபிரேம் வாரியாகச் சோதிக்கும்படி எழுதி வைத்துவிட்டேன். அப்புறம் ஆசைக்கு ஓ2 ஆப்டிமைசேஷன் போட்டுப் பார்த்தால், 20 இருந்த இடத்தில் 'ஆப்டிமைஸ்ட் அவுட்', கம்பைலர் அந்த மதிப்பைத் தூக்கிவிட்டது. சரி, தொகைக்கு, தூக்காதே என்று சொல்லும் வாலடைல் போட வேண்டும். அதை நாளைக்குப் பார்க்கலாம், அம்மா களி கிண்டிவிட்டு இரண்டு முறை கூப்பிட்டாயிற்று.