எந்த மாத்திரை என்று தெரியாத 12 வாரங்கள்

மைக்ரேன் தலைவலியைத் தடுக்கும் புதிய மருந்தொன்றின் ஆய்வில் சேரலாம் என்று என் மருத்துவர் கூறியபோது, ஒப்புதல் படிவத்தின் ஒரு வரி என்னைத் தயங்க வைத்தது. பங்கேற்பவர்களில் பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை, அதாவது மருந்துப்போலி, தரப்படும். யாருக்கு எது என்பது எனக்கும் தெரியாது, என்னைப் பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. ‘போலி’ என்ற சொல்லைக் கேட்டதும் மோசடிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வலியோடு வருபவருக்கு அதைக் கொடுப்பது நியாயமா என்று நேரடியாகவே கேட்டேன்.

மைக்ரேன் தானே ஏறி இறங்கும் நோய் என்றும், வலி உச்சத்தில் இருக்கும்போதே பெரும்பாலும் ஆய்வைத் தேடி வருவதால் பிறகு எதுவும் செய்யாமலே ஓரளவு குறையக்கூடும் என்றும் அவர் விளக்கினார். சிகிச்சை நடக்கிறது என்ற எதிர்பார்ப்பும் வலியைத் தணிக்கும். இவற்றையெல்லாம் மருந்தின் கணக்கில் சேர்த்துவிடாமல் இருக்க, மருந்தைத் தவிர மற்ற அனைத்தும் கிடைக்கும் ஒரு குழு தேவைப்படுகிறது. நிரூபிக்கப்பட்ட சிகிச்சை ஏற்கெனவே இருக்கும் நோய்களில், தக்க அறிவியல் காரணமின்றியோ, கடுமையான அல்லது மீளாத பாதிப்பு நேரக்கூடிய நிலையிலோ மருந்துப்போலியைப் பயன்படுத்தலாகாது என்பது 1964இல் ஏற்கப்பட்டுப் பலமுறை திருத்தப்பட்ட, மனிதர்கள் பங்கேற்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிமுறை ஆவணமான ஹெல்சிங்கி பிரகடனத்தின் நிலைப்பாடு. வலி வந்தால் வழக்கமான வலி நிவாரணியை எடுத்துக்கொள்ளலாம், காரணம் சொல்லாமலே விலகலாம் என்றும் படிவத்தில் இருந்தது. அதைப் படித்த பிறகே கையெழுத்திட்டேன்.

முதல் 4 வாரங்கள் மாத்திரை இல்லாமல் வலி நாட்களைக் குறித்து வைத்தேன். மாத்திரை தொடங்கிய இரண்டாம் வாரத்திலேயே குமட்டலும் வாய் உலர்வதும் தொடங்கியதால், எனக்குக் கிடைப்பது மருந்துதான் என்று உறுதியாக நம்பினேன். மாதத்துக்கு 9 ஆக இருந்த வலி நாட்கள் 12 வாரங்களின் முடிவில் 6 ஆகக் குறைந்தன.

ஆய்வு முழுவதும் முடிந்து, பல மாதங்களுக்குப் பிறகு வந்த கடிதம் எனக்குத் தரப்பட்டது மருந்துப்போலி என்றது. அந்தக் குமட்டல் பொய்யல்ல. படிவத்தில் பக்கவிளைவுகளின் பட்டியலைப் படித்ததுகூட அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். மருந்து தன்னை நிரூபிக்க வேண்டுமானால் என்னைப் போன்றவர்களிடம் கண்ட இந்தக் குறைவைத் தாண்டிக் காட்ட வேண்டும் என்று புரிந்தபோது, நான் குறித்து வைத்த எண்கள் வீணாகவில்லை என்ற நிறைவு ஏற்பட்டது. எனினும், மருந்துப்போலி எடுப்பவருக்கும் பக்கவிளைவுகள் தோன்றலாம் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எளிய சொற்களில் சொல்ல வேண்டும் என்று ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் எழுதிக் கொடுத்தேன்.